தூங்கும் கடவுளும் ஓயாத முரசும்

நண்பர்களே, வணக்கம்.

மாய உலகக் கதைகளில் வரும் கடவுள்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்படிப்பட்ட கடவுள்கள் ஏராளம். நான் ஒரே ஒருவரோடு வந்திருக்கிறேன். அவர் பெயர் மானா-யூத்-சுஷாய். அவர் செய்தது ஒரே ஒரு வேலை. சிறு தெய்வங்களைப் படைத்தார். அப்புறம் களைத்துப்போய்த் தூங்கிவிட்டார்.

1905-ல் லண்டனில் வெளியான 'பெகானாவின் தெய்வங்கள்' என்ற சின்னப் புத்தகத்தில் இவர் வருகிறார். பெகானா என்பது அந்தத் தெய்வங்கள் குடியிருக்கும் இடம். எழுதியவர் டன்சனி பிரபு. அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் கோட்டை உள்ள பழைய குடும்பம். அப்போது அவருக்கு 27 வயது, இதுதான் முதல் புத்தகம். அச்சிடும் செலவை அவரே போட்டுக்கொண்டார். சிட்னி சைம் என்ற ஓவியர் படம் வரைந்து கொடுத்தார்.

புத்தகத்தைத் திறந்தால் கதாநாயகன் கிடையாது. போர் கிடையாது, புதையல் தேடும் பயணம் கிடையாது. முதல் வரியிலிருந்தே ஒரு மதத்தின் வேதத்தைப் படிப்பதுபோல் இருக்கும். விவிலியத்தின் பழைய ஆங்கில நடையை அவர் எடுத்துக்கொண்டார், ஆனால் சொல்லும் செய்தி முழுக்க அவருடையது. பின்னால் வந்த எழுத்தாளர்கள் உலகத்தைக் கட்டிவிட்டு அதற்குள் ஒரு கோயிலை வைத்தார்கள். டன்சனி கோயிலை மட்டும் கட்டினார். உலகம் அதைச் சுற்றித் தானாக வந்து சேர்ந்தது.

தொடக்கத்துக்கும் முந்திய மூடுபனியில் விதியும் தற்செயலும் பகடை உருட்டின. ஜெயித்தவர் பனியைக் கடந்து மானாவிடம் போய், ஆட்டம் என்னுடையது, எனக்குத் தெய்வங்களைப் படைத்துக் கொடு என்றார். ஜெயித்தது விதியா, தற்செயலா? அது யாருக்கும் தெரியாது என்று புத்தகம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. முதல் பக்கத்தில் படைத்தவருக்கே இப்படி ஒரு முதலாளி வந்து நிற்கிறார், அவர் யார் என்றும் தெரியவில்லை. இதைப் படித்த அன்று நான் மேலே படிக்காமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மானா தெய்வங்களைப் படைத்தபோது ஸ்கார்ல் என்பவனையும் படைத்தார். ஸ்கார்ல் ஒரு முரசு செய்தான், அடிக்கத் தொடங்கினான். அந்தச் சத்தத்திலும் களைப்பிலும் மானாவுக்குக் கண் செருகியது. அன்றிலிருந்து அவர் காலடியில், மூடுபனியின் மேல் உட்கார்ந்து ஸ்கார்ல் அடித்துக்கொண்டே இருக்கிறான். நாம் பார்க்கும் சூரியன்களும் உலகங்களும் அந்த முரசின் எதிரொலிதான் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, முரசுச் சத்தத்தால் மானாவின் தூக்கத்தில் எழுகிற கனவுகள்தான் என்கிறார்கள் வேறு சிலர். எப்படியானாலும், ஒரு நொடி அவன் கை நின்றால் மானா திடுக்கிட்டு எழுவார். உலகமும் இருக்காது, தெய்வங்களும் இருக்கமாட்டார்கள்.

உங்களுக்குப் பாற்கடலில் பள்ளிகொண்டவர் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் நம் ஊர்க் கோயில்களில் விடியற்காலையில் என்ன பாடுகிறோம்? திருப்பள்ளியெழுச்சி. தொண்டரடிப்பொடி ஆழ்வார் அரங்கனை எழுந்தருளச் சொல்லிப் பாடுகிறார். மாணிக்கவாசகர் சிவனை எழுப்புகிறார். கடவுள் கண் திறந்தால்தான் நமக்குப் பொழுது விடிகிறது. பெகானாவில் நேர்மாறு. கடவுள் கண் திறந்தால் எல்லாம் முடிந்தது. அந்த மதத்தின் மையத்தில் இருப்பது ஒரு தாலாட்டு.

அதனால் மானாவிடம் யாரும் வேண்டிக்கொள்ளக் கூடாது. அவர் படைத்த சிறு தெய்வங்களிடம் மட்டும்தான் வேண்டலாம். இந்த ஒரு தடை அந்தக் கற்பனை மதத்துக்கு எவ்வளவு உயிர் கொடுக்கிறது பாருங்கள். எல்லாம் வல்லவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கூப்பிடக் கூடாது. அப்படியானால் மனிதன் யாரிடம் போவான்? புத்தகத்தின் மீதிப் பக்கங்கள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து முளைத்தவை என்றுதான் நான் நினைக்கிறேன்.

உயிரை அனுப்புவது கிப். கடலில் ஆன்மாவை வைத்திருப்பது ஸ்லிட். சிஷ் என்ற தெய்வத்துக்குக் காலம்தான் வேட்டைநாய். இவர்களை வேகமாகத் தாண்டிப் போகிறேன், ஏனென்றால் முங் காத்திருக்கிறார். முங் சாவின் தெய்வம். அவருக்கு வாளும் வேண்டாம், பாசக்கயிறும் வேண்டாம். கையால் ஒரு குறி காட்டுவார், அவ்வளவுதான். ஒருமுறை வழியில் ஒரு மனிதன் அவரைக் கண்டு நடுங்குகிறான். முங் அவனிடம் கேட்கிறார்: நீ பிறப்பதற்கு முன் போன 4 கோடி ஆண்டுகள் உனக்குக் கஷ்டமாகவா இருந்தன? இனி வரப்போகும் 4 கோடி ஆண்டுகளும் அப்படித்தான் இருக்கும். சொல்லிவிட்டுக் குறியைக் காட்டுகிறார். சாவைப் பற்றி இவ்வளவு அமைதியாகப் பேசும் தெய்வத்தை நான் வேறு கதைகளில் கண்டதில்லை.

யூன்-இலாரா என்ற தீர்க்கதரிசி ஒரு கோபுரம் கட்டி, அதன் மேல் நின்று முங்கைச் சபித்தான். முங் வரவில்லை. வருஷங்கள் போயின. கிழவனாகித் தளர்ந்த பிறகு அதே கோபுரத்தில் நின்று, எனக்கும் அந்தக் குறியைக் காட்டு என்று கெஞ்சுகிறான். அப்போதும் முங் வரவில்லை. முங்கின் பூசாரிகளுக்கு ஒரு பாட்டு உண்டு. நாங்கள் நாளெல்லாம் கத்தியும் முங் கேட்பதில்லை, மக்களின் வேண்டுதல் எங்கே கேட்கப்போகிறது, ஆகவே எங்களுக்குக் காணிக்கை கொடுங்கள், இன்னும் உரக்கக் கத்துகிறோம் என்பது அதன் கருத்து. முங் ஒருவேளை கேட்டாலும் கேட்கலாமாம். ஒரு மதத்தை உண்டாக்கும்போது அதன் கடவுளை மட்டும் எழுதினால் போதாது, அந்தக் கடவுளால் பிழைப்பவர்களையும் எழுத வேண்டும் என்பது டன்சனிக்கு 27 வயதிலேயே தெரிந்திருக்கிறது.

சரி, நான் இவ்வளவு தூரம் பேச வந்ததே வீட்டுத் தெய்வங்களுக்காகத்தான்.

பெகானாவில் இடமில்லாத, மனிதனைவிடவும் சிறிய ஆயிரம் தெய்வங்கள் இருக்கின்றன. அடுப்பங்கரையில் கூடவே உட்கார்ந்திருப்பவை. பிட்சு பூனையைத் தடவிக்கொடுப்பார். ஹோபித் நாயைச் சமாதானப்படுத்துவார். ஹபானியா கனலும் தணலுக்குத் தெய்வம், சின்ன ஸும்பிபூ தூசிக்குத் தெய்வம். கிழட்டு கிரிபான் நெருப்புக்குள்ளேயே உட்கார்ந்து விறகைச் சாம்பலாக்குவார். கிலூலூகுங் என்பவர் புகையின் தெய்வம். அடுப்புப் புகையை வானத்துக்கு அனுப்புவது அவர் வேலை. மக்கள் அவரிடம், உன் புகை பெகானாவுக்குப் போகும்போது எங்கள் வேண்டுதலையும் கொண்டுபோ என்பார்கள். தன்னையும் ஒருவர் கும்பிடுகிறாரே என்ற சந்தோஷத்தில் அவர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, ஒல்லியாக, சாம்பல் நிறத்தில் நீண்டு நிமிர்வார். கூரைக்கு மேல் காற்றில்லாத நேரத்தில் புகை எழுவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, அதுதான் அவர்.

அப்புறம் ஜாபிம். உடைந்த பொருள்களின் தெய்வம். வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து, தூக்கி எறியப்பட்டவற்றுக்காக அழுதுகொண்டிருப்பார். உலகம் முடியும் வரைக்கும் அழுவார், அல்லது யாராவது வந்து அவற்றைச் சரிசெய்யும் வரைக்கும். சில நாள் ஆற்றங்கரைக்குப் போய், தண்ணீரில் மிதந்து போகும் மறக்கப்பட்ட பொருள்களுக்காக அழுவார்.

என் அப்பத்தா வீட்டுக் கொல்லையில் காது போன இரும்புச் சட்டி, விரிசல் விட்ட பானை, கால் முறிந்த முக்காலி எல்லாம் வேலியோரம் கிடக்கும். எடுத்துப் போட்டுவிடலாமே என்றால், "இருக்கட்டும்டா, அது எத்தனை நாள் நமக்கு உழைச்சிருக்கு" என்பார். ஜாபிமைப் பற்றிப் படித்தபோது அந்த வேலியோரம்தான் கண்ணில் நின்றது. எங்கோ ஒரு கோட்டையில் பிறந்தவர் எங்கள் கொல்லையில் உட்கார்ந்திருக்க வேண்டிய தெய்வத்தை எப்படிக் கண்டார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

எழுத வரும் இளைஞர்கள் தங்கள் கற்பனைத் தெய்வங்களைப் பட்டியலாகக் காட்டுகிறார்கள். நெருப்புக்கு ஒருவர், போருக்கு ஒருவர், ஒவ்வொருவருக்கும் என்னென்ன சக்தி. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் உலகத்தில் ஒரு பானை உடைந்தால் எந்தத் தெய்வம் அழும்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு திரும்பி வந்த ஒரு பெண்ணின் கதையில், தெய்வம் முதன்முறையாக மூச்சு விடுவதைப் பார்த்தேன்.

1919-ல் டன்சனி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பேசியபோது, கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் எச். பி. லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர். பின்னால் அவர் அசதோத் என்ற தெய்வத்தை எழுதினார். பிரபஞ்சத்தின் நடுவில் புத்தியற்றுக் கிடக்கும் அதைச் சுற்றி முரசும் குழலும் ஒலித்துக்கொண்டே இருக்கும். மானாவின் வாடை அதில் அடிக்கிறது. ஆனால் அங்கே முரசு அடிப்பவர்களுக்கு முகம் இல்லை, அச்சம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு ஸ்கார்ல்தான் வேண்டும். சில நேரம் அவனுக்குக் கை வலிக்கிறது என்று டன்சனி எழுதியிருக்கிறார். வலித்தாலும் அடிக்கிறான், தெய்வங்கள் தங்கள் வேலையைச் செய்து முடிக்க வேண்டுமே என்பதற்காக.

ஒருநாள் அந்தக் கை ஓயும். குகைக்குள் இடி விழுந்ததுபோல் அமைதி பெகானாவை உலுக்கும். மானா எழுவார். அப்போது ஸ்கார்ல் முரசைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, உலகங்களுக்கு அப்பால் இருக்கும் வெறுமைக்குள் நடந்து போவான். அங்கே வேறொரு கடவுள் அவனுக்குக் கிடைக்கலாம், அல்லது அவன் அழிந்தும் போகலாம். அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. அவன் வேலையை அவன் முடித்துவிட்டான்.