ஊற வைத்த விதையை மறுபடி காய வைப்பதா? அமுக்கரா ஒன்றுபோல முளைக்க ஒரு வழி

வணக்கம் நண்பர்களே! விதையை ஊறப் போட்டால் சீக்கிரம் முளைக்கும், இது எல்லாருக்கும் தெரியும். ஊறியதை எடுத்து மறுபடியும் நிழலில் காய வைத்துவிட்டு விதைக்கச் சொன்னால்? கடைசி வரைக்கும் பாருங்கள், காரணம் அவ்வளவு அழகானது.

இதற்குப் பெயர் பிரைமிங். 1973-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஹைடெக்கர் என்ற ஆய்வாளரின் குழு இதைப் பற்றி எழுதியது. அதற்கு 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃப்ராஸ்டஸ், வெள்ளரி விதையைப் பாலிலோ தண்ணீரிலோ ஊற வைப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். சரி, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: அமுக்கராப் பழம்]

இதுதான் அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா. சொடக்குத் தக்காளி மாதிரியே காகிதக் கூடு. பிரித்தால் சிவந்த பழம், உள்ளே கத்தரி விதை போலச் சின்னச் சின்ன விதைகள். மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கம் பெரிய அளவில் பயிராகிறது. விதைத்தால் ஒன்று இன்று தலை நீட்டும், பக்கத்தில் இருப்பது அடுத்த வாரம். பிந்தி வந்த செடியில் வேர் மெலிந்துபோகும். வேரின் பருமனுக்குத்தானே விலை!

இப்போது விதைக்குள் போவோம். தண்ணீர் பட்டதும் விதை மளமளவென்று உறிஞ்சும். இதற்கு உயிர்கூடத் தேவையில்லை, செத்த விதையும் உப்பும்! அப்புறம் உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்காது. உள்ளேதான் வேலை: நொதிகள் விழிக்கும், பழுதான டி.என்.ஏ. சரியாகும், சேமித்த உணவு கரையத் தொடங்கும். அது முடிந்தால் வேர் வெளியே வரும்.

பாசிப்பயறை முளைகட்டும்போது மறுநாள் வெள்ளையாக ஒரு வால் எட்டிப் பார்க்குமே, அந்த வால் வந்த பிறகு காய வைத்தால் பெரும்பாலும் செத்துவிடும். வருவதற்கு முன் காய வைத்தால் சாகாது. செய்த வேலையில் பெரும்பகுதி உள்ளேயே பத்திரமாக இருக்கும்.

எனக்கு வாடிவாசல்தான் ஞாபகம் வருகிறது. முந்தி வந்த காளை நிற்கிறது, மெதுவாக வந்ததும் வந்து சேர்கிறது. கதவு திறக்கவில்லை. அந்தக் கதவுதான் நாம் காய வைப்பது. ஈர மண்ணில் போட்டதும் கதவு திறக்கும். வாடிவாசலில் காளை ஒவ்வொன்றாக வரும், இங்கே எல்லா விதையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பாயும். வேகத்தை விட இந்த ஒற்றுமைதான் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது.

எத்தனை மணி நேரம் ஊற வைப்பது? உங்கள் விதையையே கேளுங்கள். 100 விதையை ஊறப் போட்டு, முதல் வேர்முனை எப்போது தெரிகிறது என்று பாருங்கள். அதற்கு நன்றாக முன்னால் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரே போதும். அடம்பிடிக்கும் விதைக்குப் பொட்டாசியம் நைட்ரேட், லிட்டருக்கு 2 கிராம். உரக்கடையில் 13:0:45 என்று கேட்டால் கொடுப்பார்கள்.

திருநெல்வேலி சென்னா என்று உலகச் சந்தை அழைக்கும் நிலவாகைக்கு இது மட்டும் போதாது. தோல் தண்ணீரையே உள்ளே விடாது, ஆற்று மணலோடு லேசாகத் தேய்த்துவிட்டு ஊற வையுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள்: பிரைமிங் செய்த விதை சாதாரண விதை அளவுக்கு நாள்பட இருக்காது. அந்தப் பட்டத்துக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். 100 விதை ஊறியது, 100 விதை ஊறாதது, பக்கத்துப் பக்கத்தில் போட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கமெண்டில் சொல்லுங்கள். நான் ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.