பொதியை உயர்த்திப் பிடியுங்கோ அம்மா

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேப்பமர நிழலை முந்திப் பிடித்துக்கொண்ட பங்கு மக்களே, வணக்கம்.

"கிறிஸ்தவ இரக்கம் வாழ்வது தனிமனிதர் செயலிலா, பொதுத் தொண்டுத் திட்டங்களிலா?" இதுதான் தலைப்பு. தனிமனிதர் செயலில்தான் என்பது எங்கள் அணி. எதிரணித் தங்கச்சி வந்த வேகத்திலேயே மிதிவெடியைத் தூக்கிப் போட்டார். "தனி ஆள் போய் மிதிவெடி அகற்றுவாரா?" என்று கேட்டார். மாட்டார். அதற்கு நிறுவனம் வேண்டும், கருவி வேண்டும், பயிற்சி வேண்டும். அவருக்குப் புள்ளி போடுங்கள் நடுவர் அவர்களே, எனக்கு வருத்தமில்லை. ஆனால் மிதிவெடி விதைத்துக் கிடந்த முகமாலையில், வெயிலில் முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிய எங்கள் பெண்களை எந்தப் பதாகையில் கண்டீர்கள்? என்னுடைய வழக்கு அவர்கள் மேல் இல்லை.

வன்னியில் 'நிறுவனம்' என்றால் என்னவென்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வருடம் எல்லோருக்கும் கோழிக்குஞ்சு. அடுத்த வருடம் தையல் இயந்திரம். அப்புறம் மரநடுகை. அந்தந்த வருடம் எது எடுப்போ அது. கிணறு கேட்டவளுக்கும் குஞ்சுதான் கிடைத்தது, அதற்குத் தீன் வாங்க வழியில்லை. உலருணவுப் பொதி வாங்க வந்த ஓர் அம்மாவிடம் ஒரு தம்பி, "இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ அம்மா, லோகோ தெரியேல்ல" என்றார். அரிசி, மா, பருப்பு, சீனி எல்லாம் உள்ள பாரமான பொதி. அந்த அம்மாவுக்கு ஒரு கைதான் ஒழுங்காக இயங்கும். வலக்கை செய்வதை இடக்கை அறியக்கூடாது என்று ஆண்டவர் சொன்னார். இங்கே முகப்புத்தகம் முதலில் அறிகிறது.

நல்ல சமாரியன் கதையை லூக்கா பத்தாம் அதிகாரத்தில் நிதானமாகப் படியுங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கிறான், கட்டுகிறான், தன் விலங்கில் ஏற்றுகிறான், சாவடியில் கூடவே இருந்து பார்க்கிறான். மறுநாள்தான் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுக்கிறான். காசு கடைசியில்தான் வருகிறது. அதற்குப் பிறகும், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். திரும்பி வருவானாம்!

போரில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சக்கர நாற்காலி கொடுத்தார்கள், நன்றி. ஒழுங்கை மணலில் முன்சில்லு புதைந்தால் தள்ள ஆள் வேண்டுமே? படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும். விட்டால் படுக்கைப் புண் வரும், புண்ணில் கிருமி ஏறும், ஆளையே கொண்டுபோய்விடும். எங்கள் பங்கில் ஓர் அக்கா, பக்கத்து வீட்டுத் தாய் கொஞ்சம் கண்ணயரட்டும் என்று இரவில் போய் அந்தப் பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிறா. ஞாயிறு பூசைக்குப் பிந்தித்தான் வருவா. பிந்தி வருபவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

2008 செப்டெம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. போர் நடந்த வன்னியை விட்டு ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் வெளியேறச் சொல்லி அரசின் உத்தரவு வந்தது. போகவேண்டாம் என்று சனம் கிளிநொச்சி ஐ.நா. அலுவலகத்துக்கு முன்னால் நின்று மன்றாடியது. ஐ.நா.வும் பெரும்பாலான சர்வதேச நிறுவனங்களும் போய்விட்டன. செஞ்சிலுவைச் சங்கம் நின்றது, அதை மறைக்கவில்லை. குருமார்களும் அருட்சகோதரிகளும் சனத்தோடு பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ் கல்லூரி அதிபராக இருந்த பிரான்சிஸ் யோசப் அடிகளார், போரின் முடிவில், 2009 மே 18 அன்று வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு தானும் போனார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"அவரும் திருச்சபை என்ற அமைப்பின் ஆள்தானே?" என்று எதிரணித் தலைவர் எழுதி வைத்திருப்பார், பேனை ஓடுவது தெரிகிறது. ஆம் ஐயா, அமைப்பின் ஆள்தான். ஆனால் அமைப்புக்குக் கால் கிடையாது, அந்தச் சனத்தோடு நடந்தது அவருடைய கால்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வி. போன வருடம் நீங்கள் பொதி கொடுத்த பயனாளிகள் பட்டியல் உங்கள் கோப்பில் இருக்கும். அதில் எத்தனை வீட்டுக்குப் பொதியும் கமராவும் இல்லாமல் இரண்டாம் முறை போனீர்கள்? உங்கள் முறை வரும்போது இந்த மேடையில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.