டிவியில் பார்க்கவே பொருத்தமான மூன்று படங்கள்

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் டிவியில் என்ன படம் பார்க்கலாம்? பாலைவனமும் போர்க்களமுமாக விரிகிற படம் வீட்டு டிவிக்குள் பாதிதான் வந்து சேரும். ஓர் அறை, நாலு முகம், அடக்கிய குரல் என்றால் அது அப்படியே முழுசாக வரும். அந்த மாதிரி மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

முதலில் ‘12 ஆங்கிரி மென்’. 1957-இல் வந்தது. சிட்னி லூமெட்டின் முதல் படம். அதற்கு முன் அவர் டிவி நாடகங்களை இயக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கதையும் 1954-இல் ரெஜினால்ட் ரோஸ் டிவிக்காக எழுதிய நாடகம்தான். அதனால் இதை டிவியில் பார்ப்பது, பெண் தாய்வீட்டுக்கு வந்த மாதிரி அவ்வளவு இயல்பாக இருக்கும்.

அப்பாவைக் கொன்றதாக ஒரு பையன்மேல் வழக்கு. பன்னிரண்டு ஜூரிகளும் ஒருமனதாகக் ‘குற்றவாளி’ என்று சொன்னால் அவனுக்கு மரண தண்டனை. முதல் வாக்கெடுப்பில் பதினோரு பேர் கை தூக்குகிறார்கள். ஒருவர் மட்டும் தூக்கவில்லை. அவர் ஹென்றி ஃபோண்டா. பையன் நிரபராதி என்று அவர் வாதாடவில்லை, ஓர் உயிர் போகப்போகிறதே, கொஞ்ச நேரம் பேசலாமே என்கிறார். அவ்வளவுதான் கதை. 96 நிமிடத்தில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே அறையில் நடக்கிறது.

ஏன் சலிக்கவில்லை என்று முதல் முறை எனக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை கேமராவைக் கவனித்தேன். முதல் பகுதியில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. நடுப்பகுதியில் கண் மட்டத்துக்கு இறங்குகிறது. கடைசிப் பகுதியில் இன்னும் கீழே போய்விடுகிறது, அறையின் கூரையே தெரிய ஆரம்பிக்கிறது. கூடவே லென்ஸையும் மாற்றிக்கொண்டே போகிறார்கள், சுவர்கள் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்த மாதிரி இருக்கும். யாரும் இடம் மாறவில்லை, நமக்கு மட்டும் மூச்சு முட்டும். என்னோடு உட்கார்ந்து பார்த்த அம்மா, பாதிப் படத்தில் எழுந்து போய் ஃபேனைக் கூட்டிவிட்டு வந்தார். படத்திலும் மழை பெய்த பிறகுதான் அந்த அறையின் ஃபேன் ஓடும்.

ஒரு காட்சியை மட்டும் தவறவிடாதீர்கள். ஜூரிகளில் வயதானவர் ஒருவர், சாட்சி சொன்ன கிழவரைப் பற்றிப் பேசுவார். வாழ்நாள் முழுக்க யாரும் காது கொடுத்துக் கேட்காத மனிதர், ஒருமுறையாவது தன் சொல்லுக்கு மதிப்புக் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கலாம் என்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது பேசினால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது ‘டூயல்’, 1971. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 24 வயதில் டிவிக்காகவே எடுத்த படம். சிவப்புக் காரில் போகிற ஒருவர், அழுக்கேறிய ஒரு டேங்கர் லாரியை ஓவர்டேக் செய்கிறார். அந்த லாரி அவரைத் துரத்த ஆரம்பிக்கிறது. ஓட்டுபவரின் கையும் பூட்ஸும் தெரியும், முகம் தெரியாது. முதலில் 74 நிமிடம் ஓடியது, தியேட்டருக்காகக் காட்சிகள் சேர்த்து நீட்டினார்கள். எனக்குப் பிடித்தது சின்னதுதான். மனைவிக்குப் போன் செய்கிற காட்சியெல்லாம் இல்லாமலே அந்த மனிதரின் பயம் நமக்குள் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் டிவி செட்டிங்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும், இது எனக்கு ரொம்ப முக்கியம். பழைய படம் ஓடும்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் அப்படியே விடுங்கள். திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்துவிட்டால் முகமெல்லாம் அகன்றுபோகும். அப்புறம், மோஷன் ஸ்மூத்திங் என்று ஒன்று இருக்கும். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். அவற்றுக்கு நடுவில் டிவி தானாக ஃபிரேம்களை உண்டாக்கிச் சொருகுவதால்தான் படம் சீரியல் மாதிரி வழுக்குகிறது. அதை அணைத்துவிடுங்கள்.

சரி, மூன்றாவது நம் தமிழ்ப் படம். ‘அந்த நாள்’, 1954, ஏவிஎம் தயாரிப்பு. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். படம் முழுக்கப் பாட்டு ஓடிய காலத்தில், ஓர் இசைக் கலைஞர் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் படம் எடுத்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டுச் சாகிறார். அது சிவாஜி கணேசன்! கதாநாயகன் செத்த பிறகுதான் கதையே தொடங்குகிறது. தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று விசாரணை போகப்போக, ஒவ்வொருவர் வாயிலும் அவர் வேறு வேறு மனிதராகத் தெரிவார். மனைவி உஷாவாக வருகிற பண்டரிபாயின் முகத்தை மட்டும் விடாமல் பாருங்கள். எதையும் சொல்லாமல் எவ்வளவு வைத்திருக்கிறார் என்பது முடிவு தெரிந்த பிறகுதான் புரியும், அதனால்தான் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இந்தப் படத்தை நடுவிலிருந்து பார்க்காதீர்கள். ஆரம்பத்திலேயே துப்பாக்கி வெடித்துவிடும், அதற்கு முன்பே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். பார்த்துவிட்டு, கொலை செய்தது யார் என்று மட்டும் கமெண்டில் எழுதிவிடாதீர்கள். இன்னும் பார்க்காதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.