நான்கு மணிக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடம்

வணக்கம் நேயர்களே.

பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். திருவல்லிக்கேணியைப் பற்றிப் பேச வந்தவன் பார்த்தசாரதி கோயிலில் ஆரம்பித்தால் அந்தப் பதினைந்து நிமிடமும் கோயிலிலேயே போய்விடும். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிற கோயில். திருமங்கையாழ்வார் பாடிய தலம். அதனால் இங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி வந்துவிடுகிறேன்.

சென்னைக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மெரினாவில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே நடந்தால் திருவல்லிக்கேணி. 1676இல் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் கோல்கொண்டா சுல்தானிடமிருந்து வருஷத்துக்கு 50 வராகன் என்று குத்தகைக்கு எடுத்த கிராமம். இன்றைக்கு மேன்ஷன்களும் மெஸ்ஸுகளும் ஆட்டோக்களுமாக நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அதில் பெரிய தெரு என்று ஒன்று. பெயர்தான் பெரியது, எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் நடக்கிறவர் கடைப் படியில் ஏறித்தான் நிற்க வேண்டும். அந்தத் தெருவில் சிவப்பாக, உயரமாக ஒரு கட்டடம் நிற்கிறது. இந்து மேல்நிலைப் பள்ளி. நான் பேச வந்தது அதைப் பற்றி. சரியாகச் சொன்னால், அதன் வாசலுக்கு வெளியே நடந்ததைப் பற்றி.

பள்ளியின் கதை சுருக்கமாக. 1852இல் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் திராவிட பாடசாலை என்று ஒன்று தொடங்கினார்கள். அடுத்து தெலுங்குப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. இரண்டும் பிறகு ஒன்றாகி, ஆங்கிலமும் சேர்ந்து, ஆங்கிலோ வெர்னாகுலர் பள்ளி ஆனது. 1897இல் இந்து உயர்நிலைப் பள்ளி என்று பெயர் மாறியது. விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக்காக 1983இல் நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர் இங்கே 1922 முதல் 1925 வரை படித்தார். பள்ளியைப் பற்றி யார் பேசினாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பழைய மாணவர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பேட்டையின் சரித்திரம் கிடைக்காது. படித்து முடித்த பையன் ஊரை விட்டுப் போய்விடுகிறான். சந்திரசேகரே கேம்பிரிட்ஜ் போய், சிகாகோ போய்விட்டார். அக்கம்பக்கத்துத் தெருவில் வீடு பிடித்து, இருபது முப்பது வருஷம் அங்கேயே காய்கறி வாங்கி, அங்கேயே சண்டை போட்டு, அங்கேயே சங்கம் நடத்தியவர்கள் வாத்தியார்கள். பேட்டையின் சரித்திரம் வேண்டுமானால், நான்கு மணி அடித்த பிறகு வாத்தியார் எங்கே போனார் என்று பாருங்கள். இதை நான் பல இடத்தில் சொல்லிவிட்டேன். இங்கேயும் சொல்கிறேன்.

முதல் வாத்தியார் ஜி. சுப்பிரமணிய ஐயர். திருவையாற்றுக்காரர். இந்தப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1878இல் முத்துசாமி ஐயரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார்கள். அப்போது சென்னையில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள், ஓர் இந்தியருக்கு இந்தப் பதவியா என்று எழுதின. அதற்குப் பதில் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டும் என்று ஆறு பேர் சேர்ந்தார்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள்: சுப்பிரமணிய ஐயரும், பச்சையப்பன் கல்லூரியில் பாடம் சொன்ன வீரராகவாச்சாரியாரும். மற்ற நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவில் ஓர் அச்சகத்தில் 80 பிரதி அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20. அதுதான் இன்றைய 'இந்து' நாளிதழின் முதல் இதழ். சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. அந்த ஆறு பேரைத் திருவல்லிக்கேணி அறுவர் என்றே சொல்கிற வழக்கம் உண்டு.

அவர் அதோடு நிற்கவில்லை. 1882இல் தமிழில் சுதேசமித்திரன் தொடங்கினார். 1904இல் மதுரைக்குப் போனபோது, அங்கே சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த ஓர் இளைஞரைக் கண்டு, சுதேசமித்திரனுக்கு உதவியாசிரியராகச் சென்னைக்கு அழைத்து வந்தார். பாரதியாரைத்தான் சொல்கிறேன். மூன்று மாத வாத்தியார் வேலை. அதுவும் கணக்கில் சேரும், விட முடியாது! பாரதியாரின் கடைசி வீடு திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இருக்கிறது, இப்போது நினைவு இல்லம். 1921 செப்டம்பரில் அந்த வீட்டில்தான் காலமானார். பள்ளியிலிருந்து அங்கே நடந்து போய்ப் பாருங்கள். பழைய தலைமை ஆசிரியர் ஒருவர் தேடிக் கொண்டுவந்த ஆள், கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருக்காரராக இருந்து போயிருக்கிறார்.

அடுத்த வாத்தியார் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. பிற்காலத்தில் அவருடைய ஆங்கிலப் பேச்சை உலகமே கேட்டது. வெள்ளி நாக்கு என்றார்கள். அவரும் இந்தப் பள்ளியில் தலைமை ஆசிரியர். எனக்கு அவருடைய ஆங்கிலத்தை விடப் பெரிதாகத் தோன்றுவது மளிகைக் கடை. சிரிக்காதீர்கள். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். நீளமான பெயர். சென்னைக்காரர்களிடம் டி.யு.சி.எஸ். என்றால் உடனே தெரியும், "எங்க ரேஷன் கடைதானே" என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா அதைச் 'சொசைட்டி' என்றுதான் சொல்வார். "சொசைட்டியில பருப்பு வந்துடுச்சாம், பையை எடுத்துக்கிட்டு ஓடு." ஓடியிருக்கிறேன். பையைத் தவிர கையில் மண்ணெண்ணெய் டின்னும் இருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்றுதான் போவேன், எனக்குப் பிடித்த இடம். வாத்தியாரும் குமாஸ்தாவும் எதற்காகக் கடை வைக்க வேண்டும்? மாதச் சம்பளக்காரனின் பாட்டை நினைத்துப் பாருங்கள். சம்பளம் முதல் வாரத்தோடு சரி. அப்புறம் மூலைக் கடையில் கணக்கு. அரிசியில் கல், நெய்யில் என்னவோ, தராசில் ஒரு விரல். கேட்டால், "பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பேசுங்க சார்." கடன் இருக்கிற வரைக்கும் கடையை மாற்றவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது. இதற்கு ஒரு வழி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளிகள் 1844இலேயே காட்டியிருந்தார்கள். எல்லாரும் பங்குப் பணம் போடு, சரக்கை மொத்தமாக வாங்கு, நியாய விலைக்கு வில்லு, வருஷக் கடைசியில் மிஞ்சுகிற லாபத்தை யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடு. அதைத் திருவல்லிக்கேணியில் செய்து பார்த்தார்கள். சுற்று வட்டாரம் எல்லாம் மாதச் சம்பளக்காரர்கள், ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள், பாதிப் பேர் வீட்டுப் பையன்கள் ஒரே பள்ளியில். பங்குப் பணத்தை நம்பிக் கொடுக்க அதுதான் முதல் ஆதாரம். தலைமை ஆசிரியர் கடையில் தராசு பொய் சொல்லாது என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுகளில் அது ஒன்று; நூறு வருஷம் தாண்டியும் இருக்கிறது. பத்திரிகை நடத்தியதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். பருப்பு விற்றதை யாரும் பாடப் புத்தகத்தில் போடுவதில்லை. எனக்கு இது ஒரு குறை.

சரி, இதையெல்லாம் எப்படித் தேடுவது, உங்கள் ஊரில் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு? எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, போகலாம். வீட்டு மூலப்பத்திரம் இருக்கிறது. நான்கெல்லை எழுதியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் கிடைக்கும். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது, தலைமை ஆசிரியரிடம் முறையாக எழுதிக் கேளுங்கள். பையன் பெயரை விடுங்கள், அது அவரவர் சொந்த விஷயம். தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம், பள்ளியை விட்ட தேதி என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த இரண்டைப் பாருங்கள். சென்னையில் பழைய பள்ளி எதிலாவது 1942 ஏப்ரல் பக்கம் கிடைத்தால் முக்கியமாகப் பாருங்கள். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலி செய்துகொண்டு ஓடிய நேரம் அது. அரசாங்க அலுவலகங்களையே வெளியூருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தெரு எந்த வாரத்தில் காலியானது என்பதைப் பள்ளிக்கூட இங்க் பேனா குறித்து வைத்திருக்கும்.

ஆனால் நான் முதலில் கை வைப்பது இது எதிலும் இல்லை. பள்ளி ஆண்டு மலரில் வருகிற விளம்பரங்கள்தான்! கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். "கல்வியின் பயன்", "காலம் பொன் போன்றது", எல்லா மலரிலும் ஒன்றே. விளம்பரம் அப்படி இல்லை. பைகிராப்ட்ஸ் சாலை, இன்றைய பாரதி சாலை, அதன் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஒரு மலர் வாங்கினேன். அட்டை போய்விட்டது, முன்பக்கம் நான்கைந்து தாளும் போய்விட்டது. எந்த வருஷம் என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பின்னால் விளம்பரம் முழுசாக இருந்தது. ஒரு ஹோட்டல், ஸ்பெஷல் சாப்பாடு இத்தனை அணா என்று போட்டிருந்தது. அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஆக அதற்கு முன்னால். ஒரு குடை ரிப்பேர் கடை, விலாசம் "டிராம் நிறுத்தம் எதிரில்". சென்னையில் டிராம் நின்றது 1953இல். ஆக அதற்கும் முன்னால். கடைசிப் பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடை, சுதந்திர தினத்துக்குக் கதர்க் கொடி தயார் என்கிறது. அப்படியானால் 1947க்குப் பின்னால். மூன்று விளம்பரம், ஐந்தாறு வருஷத்துக்குள் வந்து நின்றுவிட்டோம். அதோடு குடை ரிப்பேருக்கு என்றே ஒரு கடை நடந்தது, அது பள்ளி மலருக்கு விளம்பரம் தரும் அளவுக்கு நடந்தது என்பதும் தெரிகிறது. மலர் போட்ட வாத்தியார் சாயங்காலம் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி விளம்பரம் கேட்டிருப்பார். யாரிடம் கேட்டால் கிடைக்கும், எந்தக் கடையில் பையன்களின் அப்பாக்கள் வாங்குகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பள்ளியைச் சுற்றியிருந்த கடைத்தெருவின் வரைபடத்தை அவர் அறியாமலே போட்டுக் கொடுத்துவிட்டார். பழைய மலர் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.

பைகிராப்ட்ஸ் சாலை என்றதும் இன்னொரு வாத்தியார். இவர் நம் பள்ளிக்காரர் இல்லை. நாராயண ஐயர், திருச்சியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கு அதிகாரியாக வந்தவர். அவருக்குக் கீழே 1912இல் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார்: சீனிவாச ராமானுஜன். பகலில் ஒரே ஆபீஸ். இரவில் பைகிராப்ட்ஸ் சாலையில் நாராயண ஐயர் வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பலகை வைத்துக்கொண்டு நடுநிசி வரை கணக்குப் போடுவார்கள். காகிதம் விலை அதிகம், அதனால் பலகை. ராமானுஜன் முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதுவாராம். இங்கிலாந்து போவதற்கு முன் அவர் குடியிருந்ததும் இதே திருவல்லிக்கேணியில், அனுமந்தராயன் கோயில் பக்கத்தில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் என்று அர்த்தம். பாதியை இன்னும் தொடவே இல்லை. வேகமாகச் சொல்கிறேன்.

திருவல்லிக்கேணிக்கு இன்னொரு முகம் உண்டு. 1768இல் நவாப் வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார், அவரோடு வந்தவர்கள் குடியேறிய தெருக்கள் அந்தப் பக்கம். 1795இல் எழுந்த பெரிய மசூதியில், கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகப் பாட்டு இருக்கிறது. எழுதியவர் நவாபிடம் வேலை பார்த்த ஓர் இந்து, ராஜா மக்கன்லால். அங்கே இன்றைக்கும் ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறுகிறவர்களில் சிந்தி இந்துக்கள் இருக்கிறார்கள். அந்தத் தெருக்களுக்கும் பள்ளிகள் உண்டு, வாத்தியார்கள் உண்டு. உருது தெரிந்த யாராவது அந்த மலர்களை எடுத்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்று பெண் பிள்ளைகள். நான் சொன்னது முழுக்க ஆண் பிள்ளைகள் பள்ளி. கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் தெரியுமல்லவா, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க 1842இல் கட்டியது, 1897இல் விவேகானந்தர் தங்கியது. பிறகு சகோதரி சுப்புலட்சுமி அதில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினார். அவரே 11 வயதில் கணவரை இழந்தவர், 1911இல் பி.ஏ. முடித்தவர். அந்த விடுதியிலிருந்து படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எந்தெந்த ஊர்ப் பள்ளிக்குப் போனார்கள், அங்கே நான்கு மணிக்குப் பிறகு என்ன செய்தார்கள்? உங்கள் பாட்டிக்குப் பாடம் சொன்ன டீச்சர் யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், உயிரோடு இருக்கிற பெரியவர்களிடம் சீக்கிரம் கேளுங்கள், கிடைத்தால் நிலையத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். விளக்கை அணைக்கிறார்கள். வணக்கம்.