சுவரின் வண்ணத்துக்குப் பொருந்துமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

நம் மரபு ஓவியங்களை இத்தனை காலம் வாழவைத்தது அவற்றின் அழகா, அவை சொல்லும் பொருளா என்பது இன்றைய வழக்கு. பொருளே என்று வாதிட வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன்னே பேசிய எதிரணி நண்பர் பலத்த கைதட்டல் பெற்ற ஒரு வரிக்கு விடை சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது. "ஓவியத்தின் பொருளை எவர் கேட்கிறார்? வீட்டுச் சுவரின் வண்ணத்துக்குப் பொருந்துமா என்றுதானே கேட்கிறார்கள்?" என்றார்.

பொருளைக் கேட்டார்கள், நடுவர் அவர்களே. இந்தத் தமிழ் மண்ணிலேயே கேட்டார்கள். திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்த மண்டபத்தைப் பரிபாடலின் 19-ஆம் பாடல் நமக்குக் காட்டுகிறது. முருகனை வணங்க வந்தவர்கள் அந்தச் சுவர்முன் நின்று, இவள் யார், இவன் யார் என்று வினவுகிறார்கள். இவள் இரதி, இவன் காமன் என்று விடை வருகிறது. இன்னோர் ஓவியத்தில் ஒரு பூனை இருக்கிறது. அந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை, இவன் வெளியே சென்றிருந்த கவுதமன், அவன் சினத்தால் இவள் கல்லான கதை இது என்று அருகில் நிற்பவர் விளக்குகிறார். அழகு மட்டுமே போதும் என்றிருந்தால், அந்தப் பூனை அழகானதொரு பூனையாகவே நின்றிருக்கும். ஒருவர் கேட்டார், ஒருவர் சொன்னார். அதனால்தான் அது இந்திரன் ஆயிற்று.

அடுத்து, ஒடிசாவில் ஜகந்நாதர் கோயில் இருக்கும் பூரிக்கு வாருங்கள். ஜ்யேஷ்ட மாதப் பௌர்ணமியன்று ஜகந்நாதருக்கும் பலபத்திரருக்கும் சுபத்திரைக்கும் 108 குட நீரால் திருமுழுக்கு நடக்கிறது. அவ்வளவு நீராடியதால் இறைவனுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது என்பது அங்குள்ளோரின் நம்பிக்கை. பதினைந்து நாள் அவர் எவருக்கும் காட்சி தருவதில்லை. மூலிகை மருந்து கொடுத்து, நோயாளியைப் போலவே பேணுகிறார்கள். அந்தப் பதினைந்து நாளும் வழிபாடு எதற்கு நடக்கிறது தெரியுமா? சித்திரகாரர்கள் துணியில் தீட்டித் தந்த மூன்று பட்டச் சித்திரங்களுக்கு.

இதை இன்னொரு முறை சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் எனக்கு இதைச் சொல்லித் தீரவில்லை. புளியங்கொட்டைப் பசை தடவி, சுண்ணப் பொடி பூசி, காயவைத்து, வழுவழுப்பாகத் தேய்த்தெடுத்த துணி அது. நேற்றுவரை அது சித்திரகாரர் வீட்டுத் திண்ணையில் கிடந்திருக்கும். இன்று உலகாளும் தெய்வம் நோயுற்றிருக்கும்போது, அவர் இடத்தில் அந்தத் துணி நிற்கிறது. அதற்குப் பூசை நடக்கிறது. பதினைந்து நாள் கழித்து மூலமூர்த்தியே புது வண்ணம் தீட்டப்பெற்று, கண் எழுதப்பெற்ற பிறகுதான் மக்களுக்குக் காட்சி தருகிறார். தெய்வம் ஓவியரின் கைக்காகக் காத்திருக்கும் ஊர் அது. அங்கே போய்ச் சுவரின் வண்ணத்துக்குப் பொருந்துமா என்று எவராலும் கேட்க முடியுமா?

ராஜஸ்தானத்தில், அங்குள்ளோர் வணங்கும் நாட்டுப்புறத் தெய்வமான பாபுஜியின் கதையைத் தீட்டிய நீளத் துணியை விரித்து, விளக்கொளியில் இரவெல்லாம் பாடுகிறார்கள். அந்தத் துணி நைந்து, வண்ணம் மங்கிவிட்டால் தூக்கி எறிவதில்லை. புஷ்கர் ஏரியில் முறைப்படி கரைக்கிறார்கள். அழகு போன பிறகும் எஞ்சியிருக்கும் மதிப்புக்கு எதிரணியினர் என்ன பெயர் வைப்பார்கள்?

நடுவர் மணியை அடிக்கப் போகிறார். ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். பீகாரின் மிதிலைப் பகுதியில், மணமக்களுக்கான அறையின் சுவரில் பெண்கள் தாமரையும் மூங்கிலும் கிளியும் மீனும் எழுதுவார்கள். கோஹ்பர் என்று அதற்குப் பெயர். இணைந்து வாழுங்கள், குலம் தழைக்கட்டும் என்ற வாழ்த்து அது. அந்த மரபில் வந்தவர் கங்கா தேவி. கணவர் இன்னொரு பெண்ணை மணந்துகொண்டதால் தனித்து விடப்பட்டவர். 1984-இல் பத்மஸ்ரீ பெற்றார். பின்னர் புற்றுநோய் வந்தது. அந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நாள்களில்தான், தில்லி கைவினை அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஒரு முழுக் கோஹ்பர் அறையைத் தம் மெல்லிய கோடுகளால் எழுதினார். 1991-இல் மறைந்தார். அவர் எழுதிய அந்த அறை பின்னாளில் சுவரிலிருந்தே அழிக்கப்பட்டுவிட்டது.

அருங்காட்சியகத்தில் எந்த மணமக்களும் தங்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தமக்கு அந்த வாழ்த்து பலிக்கவில்லை என்பதும் தெரியும். ஆயினும், வலியோடு எழுந்து நின்று, எவரோ ஒரு மணமகளுக்காக அந்த அம்மா தாமரையையும் மூங்கிலையும் எழுதினார். நன்றி, வணக்கம்.