பீவர் தோலும் சோளகக் காற்றும்

அவைத் தலைவர் அவர்களே, விழாக் குழுச் செயலாளர் அவர்களே, முன்வரிசையிலே வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே (முதுகுவலியோடு இந்தப் பனியிலே வந்தீர்கள் ஐயா, தனி நன்றி), தேத்தண்ணி தந்த தாய்மாரே, வணக்கம்.

கனடாவின் தோல் வணிகச் சொற்கள் மூன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பீவர் என்ற, ஆற்றிலும் குளத்திலும் வாழும் மயிரடர்ந்த விலங்குக்கு அது பாதிதான் பொருந்தும். 1670இல் அரச சாசனம் பெற்ற, தோல் வாங்கி விற்ற ஹட்சன் பே கொம்பனிக்கு, நீந்தித் திரியும் பீவரால் ஒரு சதப் பயனும் இல்லை. செத்தால், நல்ல மாரிகாலத் தோல் ஒன்று ஒரு 'மேட் பீவர்'. கோடரி, கேத்தல், துப்பாக்கி, ஏன் நரித்தோல்கூட, இத்தனை மேட் பீவர் என்றுதான் கணக்கிலே ஏறும்.

அடுத்தது 'ஃபாக்டரி'. ஹட்சன் குடாக் கரையிலே யோர்க் ஃபாக்டரி என்றொரு இடம். பேரன் அதைப் படம் கீற வேண்டும், தமிழிலே என்ன என்று கேட்டான். நான் பெரிய பண்டிதர் அல்லவா, "தொழிற்சாலை" என்றேன். பிள்ளை புகைபோக்கி கீறினான். ஒன்றல்ல, மூன்று! கறுப்புப் புகை, சங்கு, சாப்பாட்டுப் பெட்டியோடு வரிசையிலே ஆட்கள். மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஃபாக்டர் என்றால் கொம்பனி முகவர். அவர் இருந்து வியாபாரம் செய்த இடந்தான் ஃபாக்டரி. மதராசிலே கிழக்கிந்தியக் கொம்பனி வைத்திருந்ததும் அதுதானே?" பண்டகசாலை என்று சொல்லியிருக்க வேண்டும் நான். அழிறப்பரை எடுத்தால் பேரன் விடவில்லை: "புகை இல்லாட்டி அவைக்குக் குளிரும், அம்மப்பா!"

மூன்றாவது 'பைப்'. தோல் ஏற்றி வள்ளம் வலித்தவர்கள் புகைபிடிக்க நிறுத்திய தடவைகளை வைத்துத் தூரம் சொன்னார்கள், எங்கள் கூப்பிடு தூரம் போல. விரித்தால் தலைவர் மணி அடிப்பார்.

இச்சொற்களிலே பல இன்றும் தெரிவது கொம்பனி எழுத்தர்கள் எழுதி வைத்ததாலே. அந்தக் கணக்குப் புத்தகங்கள் வின்னிபெக்கிலே இருக்கின்றன. யானை இறந்தாலும் ஆயிரம் பொன், ஆனால் கணக்கிலே ஏறியிருந்தால்தான். ஊரிலே சோளகம், கச்சான், கொண்டல், வாடை என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இன்று ரொறன்ரோவின் ஸ்காபரோ மாடிவீடுகளிலே இருக்கிறார்கள். யார் எழுதினோம்?

வாசலிலே, சப்பாத்துகளுக்குப் பக்கத்திலே, ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அதிபர் ஐயா முதலில் எழுதட்டும். அவருடைய தகப்பனார் வள்ளம் வைத்திருந்தவர்.