புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தாச்சு, நமக்கு?

(காங்கயம் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பேசியது.)

எல்லோருக்கும் வணக்கம். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கம்பெனி லீவு. துவைக்க வேண்டிய துணியும் சந்தை வேலையும் அப்படியே கிடக்க, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

போன மாதம் இந்தப் பள்ளிக்கு வந்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பாடத்தை ஒப்பித்துக் காட்டினார்கள். யாராவது தப்பாகத் தொட்டால் 'வேண்டாம்' என்று கத்தணும், அங்கிருந்து ஓடணும், நம்பிக்கையான பெரியவங்ககிட்டப் போய்ச் சொல்லணும். கையை ஆட்டி ஆட்டி அழகாகச் சொன்னார்கள். கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த 'நம்பிக்கையான பெரியவங்க' நாம்தானே? எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். அது வந்து சொன்னால் என்ன செய்யணும் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் அதற்குப் பயிற்சி வேண்டும் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். 2004 வாக்கில், வேறொரு ஊரில் நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஓடும். ஒரு பையன் மட்டும் நின்றுகொண்டு சாக்பீஸ் டப்பாவை அடுக்குவான், கரும்பலகையைத் துடைப்பான், துடைத்ததையே மறுபடியும் துடைப்பான். "டீச்சர், நான் செத்த நேரம் இங்கயே இருந்துக்கட்டுங்களா?" என்று கேட்பான். வெளியே சொந்தத்தில் ஒறம்பரைக்காரர் ஒருவர் அவனைக் கூட்டிப்போக வண்டியோடு நிற்பார். "போ சாமி, உனக்காக வண்டி நிக்குது பாரு" என்று நானே அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஏற்றிவிடுவேன். ஒரு நாள் அழுதான். அடம் பிடிக்கிறான் என்று நினைத்து அதட்டினேன்.

அந்தப் பையன் வளர்ந்து, கல்யாணப் பத்திரிகை கொடுக்க என் வீட்டுக்கு வந்தார். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அந்த வண்டியில ஏத்தி உட்ராதீங்கன்னுதானுங்க டீச்சர் அன்னிக்கு அப்படிக் கேட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம். அவர் சம்மதித்ததால்தான், அடையாளம் தெரியாதபடி மாற்றி, இதை உங்களிடம் சொல்கிறேன்.

அவன் சொல்லவில்லை என்று நான் தப்பிக்க முடியாது. நாள் தவறாமல் சொன்னான். எனக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் பள்ளி, விடுதி, தேவாலயம் போன்ற இடங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை அரசு ஆணையம் ஒன்று 2013 முதல் 2017 வரை விசாரித்தது. அந்த ஆணையத்தின் முன் தனியாகப் பேசியவர்களுக்கு, நடந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கேயோ உள்ள கணக்குதான். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் கணக்கும் அதுக்குக் கிட்டத்தில்தான் வந்தது.

நம் கட்டுத்தரையில் ஒரு மாடு தீனி எடுக்கவில்லை என்றால் சும்மா இருக்கிறோமா? மூக்கு ஈரமாக இருக்கிறதா, அசை போடுகிறதா, சாணி எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்க்கிறோம். வாயில் நுரை ஒழுகினால் கோமாரியோ என்று அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடுகிறோம். மாட்டுக்கு வாய் கிடையாது, அதனால் நாம் கண்ணைப் பழக்கி வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு வாய் இருக்கிறதே, வந்து சொல்லும் என்று விட்டுவிட்டோம். அது சொல்வதில்லை. நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்பவும் வரும். டாக்டருக்குப் பிடிபடாத வயிற்று வலி வரும். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போக மாட்டேன் என்கும், ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தால் மட்டும் அறைக்குள் போய்விடும். இதெல்லாம் இருந்தால் கொடுமை நடந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு காரணமும் இருக்கலாம். "ஏன் கண்ணு?" என்று உட்கார்ந்து கேட்கணும். அதைத்தான் நான் செய்யவில்லை.

'பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயிற்சி கொடுத்தால் போதாதா, எல்லோருக்கும் எதற்கு?' என்று ஒரு பெரியவர் வாசலில் கேட்டார். நம் ஊர் நடப்பைப் பாருங்கள் அய்யா. நாலரை மணிக்குள் பள்ளி விட்டுவிடும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற அம்மா, ஓவர்டைம் பார்த்து, பஸ் பிடித்து வீடு வந்து சேர எட்டு, எட்டரை. அப்பா தறியில் ராத்திரி ஷிப்ட். நடுவில் கிடக்கிற அந்த நாலு மணி நேரம் பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறது? ஆத்தா பார்த்துக்கொள்கிறார், அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அப்புறம் மளிகைக்கடைக்காரர், டியூசன் அக்கா, வேன் ஓட்டுகிற தம்பி, லைன் வீட்டில் பக்கத்து அறைக்காரர்கள். பிள்ளையை வளர்ப்பது இவர்களும்தான். வள்ளி கும்மி பழகப் பிள்ளையை அனுப்புகிறோம், நோம்பிக்கு விடிய விடிய ஊரெல்லாம் சுற்ற விடுகிறோம். அங்கே பெற்றோரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஊர்தான் இருக்கிறது.

அதே லைன் வீட்டில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அழுவதற்கு மட்டும்தான் பாஷை இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு விஷயம் புரிய வேண்டாமா?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கிற போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடந்துவிடும் என்ற அச்சம் இருந்தாலோ, எந்த ஒரு நபரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆகணும் என்கிறது. பெற்றோர், ஆசிரியர் என்று அதில் பிரிவினை கிடையாது. தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் 6 மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. 2021 நவம்பரில் கோவையில் 17 வயது மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். ஆசிரியர் கைதானார். தெரிந்தும் புகார் கொடுக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் போக்சோவிலேயே கைதானார். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் எந்த வழக்கும் வராது என்றும் அதே சட்டம் காவல் நிற்கிறது. ஆக, கடமையை எல்லோர் தலையிலும் வைத்தாகிவிட்டது. அதைச் செய்வது எப்படி என்று மட்டும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எனக்கு இதில் வருத்தமில்லை, கோபமே இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் வந்தது: "அப்புச்சி மடியில பேத்தி உக்காந்தாலும் சந்தேகப்படச் சொல்றீங்களா?" இல்லீங்க. சந்தேகம் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, தப்பான திசையில் இருக்கிறது. 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த வயதான அம்மா ஒருவர் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொன்றார்கள். நம் ஊரில் எது நடந்தாலும் முதலில் பார்வை வடக்கத்திப் பையன்கள் மேல்தான் போகிறது. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தியது. நூற்றுக்கு 53 பிள்ளைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவைச் சொன்னார்கள். அதில் பாதிக்கும் மேல் ஆண் பிள்ளைகள். செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். விவரம் தெரிந்தால் அப்புச்சி நிம்மதியாகப் பேத்தியைக் கொஞ்சலாம். பிள்ளை 'வேண்டாம், விடுங்க' என்றால் உடனே விட்டுவிடணும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவுதான்.

பயிற்சி என்றால் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று மணி நேரம். அதில் பாதி நேரம் ஒரே ஒரு விஷயத்துக்குப் போகும்: பிள்ளை சொல்லும்போது நம் முகம் எப்படி இருக்கணும். நீங்கள் 'அய்யோ' என்று தலையில் அடித்துக்கொண்டால் பிள்ளை அத்தோடு வாயை மூடிக்கொள்ளும். "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டால் தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்ளும். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது, ஏனென்றால் சொல்லித்தான் ஆகணும். "நீ சொன்னது நல்லதாச்சு சாமி, உம்மேல ஒரு தப்பும் இல்ல, இனி நான் பாத்துக்கறேன்." இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகணும். சொல்லிப் பாருங்கள், முதல் தடவை நமக்கு நாக்கு குழறும். துருவித் துருவிக் கேட்பதும், நாலு பேரைக் கூப்பிட்டு வைத்துத் திரும்பச் சொல்லச் சொல்வதும் கூடவே கூடாது. போட்டிருந்த துணியைத் துவைத்துவிடக் கூடாது. செய்த ஆளிடம் போய்ச் சண்டை போடக் கூடாது. அவன் சுதாரித்துவிடுவான், அடி பிள்ளைக்குத்தான் விழும்.

அப்புறம் 1098, குழந்தைகள் உதவி எண். எந்த நேரத்திலும் கூப்பிடலாம், காசு கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. ஸ்டேஷன் என்றாலே பயப்படுகிறோம். இந்தச் சட்டப்படி பிள்ளையை ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. வாக்குமூலம் வாங்குகிற போலீஸ் சீருடையில் வரக் கூடாது, பிள்ளை இருக்கிற இடத்துக்கே வந்து வாங்கணும். வழக்குப் பதிவாகும் முன்பே ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். அரசு ஆஸ்பத்திரி மட்டுமில்லை, தனியார் ஆஸ்பத்திரியும் முதல் சிகிச்சையை இலவசமாகக் கொடுத்தாகணும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிட்டால் அதற்குத் தனியாகத் தண்டனை இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசியவள் ஆக மாட்டேன். 'குடும்ப மானம், நாளைக்கு யாரு கட்டுவாங்க' என்று சொல்லி, பங்காளிகள் கூடிப் பேசி முடித்துவிடுகிறோம். அப்படிப் பேசி முடிக்கிற குற்றம் இல்லை இது. அதே போக்சோ சட்டத்தை, பதினேழு வயதுப் பெண் வேற்றுச் சாதிப் பையனை விரும்பினாள் என்பதற்காகத் தடியாக எடுக்கிறவர்களும் நம்மில் உண்டு. ஈரோட்டு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கில், இளவயதுக் காதலைக் குற்றமாக்குவதற்காக இந்தச் சட்டம் வரவில்லை என்று சொல்லி, 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. ஒறம்பரைக்காரன் செய்ததை மூடி மறைத்துவிட்டு, காதலித்த பையன்மேல் மட்டும் ஸ்டேஷனுக்கு ஓடினால், நாம் காப்பாற்றுவது பிள்ளையை அல்ல.

பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடுமா? அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்கிற பயிற்சியைப் பற்றி, பல நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்கிற காக்ரேன் அமைப்பின் அறிக்கை ஒன்று 2015இல் வந்தது. பிள்ளைகளுக்கு விவரம் கூடுகிறது என்று அதில் தெரிந்தது. கொடுமை குறைந்ததா என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. பெரியவர்களுக்கான பயிற்சியும் ஒரு நாள் கூட்டம் போட்டு, போட்டோ எடுத்து, டீ பிஸ்கட்டோடு முடிந்தால் ஆறு மாதத்தில் மறந்துபோகும். நம் நாட்டில் போலியோ சொட்டு மருந்து முகாம் 1995இல் தொடங்கியது. கடைசி நோயாளி 2011இல். இடைப்பட்ட பதினாறு வருசமும் திரும்பத் திரும்ப முகாம் போட்டார்கள், பிற்பாடு வீடு வீடாகவும் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவுக்கும் சொட்டு மருந்து நாள் தெரியும். அந்த அளவுக்கு இது போகணும்.

பிள்ளைகளோடு வேலை செய்கிற யாருக்கும், வேன் ஓட்டுநர் முதல் கும்மி வாத்தியார் வரை, இந்தப் பயிற்சி இல்லாமல் வேலையே கிடையாது என்று ஆக்கணும். மற்ற எல்லோருக்கும் கிராம சபை இருக்கிறது. வருசத்துக்கு ஆறு தடவை கூடுகிறோம், தெருவிளக்கும் சாக்கடையும் பேசுகிறோம். அதில் ஒரு சபையில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கலாம். ஊராட்சித் தலைவர்தான் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கும் தலைவர். அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று இந்தக் கூட்டத்திலிருந்தே யாராவது எழுந்து கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு, இதே அறையில் முதல் வகுப்பு. லைன் வீட்டுக்காரர்களுக்கு இந்தியில் சொல்ல ஓர் ஆளைப் பிடித்திருக்கிறோம், ஒடியாவுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கம்பெனியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மேசைமேல் நோட்டு இருக்கிறது. முதல் பேர் என்னுடையது, இரண்டாவது வேன் ஓட்டுகிற தம்பியுடையது. முப்பது பேருக்கு இடம் உண்டு. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். சத்துணவு அமைப்பாளர் அம்மாவும் இரண்டு டீச்சர்களும் வேப்ப மரத்தடியில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.